வாசல் மாறிய கற்பிட்டி



குக்கிராமம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மிற் பலருக்கு மலைநாட்டின் நினைவே எழும். மழைக்குச் சரியும் ஒற்றையடிப் பாதை, கடைத்தெருவுக்கு இறங்கி ஏற ஒரு பகற்பொழுது, நோயாளியைத் தோளிற் சுமந்து செல்லும் உறவினர், மூடுபனி இறங்கியதும் உலகத்தோடு தொடர்பற்றுப் போகும் குடிசைகள் ஆகியவையே அச்சொல்லுக்கு நாம் மனத்தில் வரைந்து வைத்திருக்கும் படம். ஆனால், மலை ஏறாமலே, கடல்மட்டத்திலேயே அத்தகைய ஊர்களைக் காணலாம். புத்தளம் மாவட்டத்தின் கடற்கரை அவற்றுக்கு இருப்பிடம். அக்கரையூர்களின் கதையை ஆராயப்புகின், மலையூரின் கதையும் அதனோடு பின்னிக்கிடப்பதை அறிவோம்.

கொழும்பிலிருந்து புத்தளம் செல்லும் நெடுஞ்சாலையில், நகரை அடைவதற்குச் சற்று முன்னே பாலாவி என்னும் சந்தி உளது. அங்கே இடப்புறம் பிரியும் தெரு ஏறக்குறைய 40 கிலோமீற்றர் ஓடிக் கற்பிட்டியில் முடிவடைகின்றது. தெருவுக்கு மேற்கே கடல். கிழக்கே புத்தளம் களப்பு. இரு நீருக்கும் இடையே நாவைப்போல் நீண்டு கிடக்கும் மணற்றிடலே கற்பிட்டிக் குடாநாடு. நரக்களி, நுரைச்சோலை, ஆலங்குடா, தலவில், ஏத்தாளை, கண்டகுளி, குறிஞ்சிப்பிட்டி என ஊர்கள் பல அதன்மேல் அமைந்துள்ளன. களப்பின் வாயிற்புறத்தில் சிறியவும் பெரியவுமாகத் தீவுகள் கிடக்கின்றன. முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் இந்துக்களும் பௌத்தரும், தமிழ் பேசுவோரும் சிங்களம் பேசுவோரும் இம்மணலில் அடுத்தடுத்து வாழ்கின்றனர். தெரு முடிந்த இடத்தில் உலகமும் முடிந்துவிட்டது போலத் தோன்றும். பயணி ஒருவன் இவ்வூர்கள் என்றுமே ஒதுங்கிக் கிடந்தவை என்று எண்ணுவானாயின், அதில் வியப்பில்லை.

ஆயினும் வரலாறு கூறுவது வேறு. கற்பிட்டி பிறவியிலேயே ஒதுக்குப்புறமான ஊரன்று. ஒருகாலத்தில் அது இலங்கையின் முன்வாசல்களுள் ஒன்றாக இருந்தது. பின்னர் வாசல் வேறிடத்துக்கு மாறியது. வீட்டின் முற்றம் கொல்லைப்புறமாயிற்று. அம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதனால் மக்கள் வாழ்க்கை எவ்வாறு ஆயிற்று என்பதையே இங்கு நோக்க விரும்புகின்றோம்.

1344ஆம் ஆண்டில், மாலைதீவிலிருந்து புறப்பட்ட கப்பலொன்று இக்கரையை அடைந்தது. அதில் வந்தவர் மொறொக்கோ நாட்டுப் பயணியாகிய இபுனு பதூதா. அவர் பத்தாளா என்று குறிக்கும் பட்டினத்தைப் புத்தளம் என்றே ஆய்வாளருட் பெரும்பாலார் கொள்வர். கரை நெடுகக் கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்ததாக அவர் எழுதியுள்ளார். அப்பகுதியை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்தி பாரசீக மொழியை விளங்கிக்கொள்ளக் கூடியவராயிருந்தார். விருந்தினர் கேட்டதோ ஒன்றே: மலைமீதுள்ள பாதச்சுவட்டைக் காணவேண்டும் என்பது. மன்னர் பல்லக்குக் கொடுத்து, ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகியர் நால்வரையும், பிராமணர் மூவரையும், தம்மவர் பதின்மரையும், உணவுப்பொருள் சுமக்கப் பதினைவரையும் உடன் அனுப்பினார். ஒரு முஸ்லிம் பயணி, இந்து மன்னரின் உதவியோடு, யோகியர் வழிகாட்ட, சிவனொளிபாத மலைக்குச் சென்றுவந்த செய்தி இது. கடற்கரையிலிருந்து மலைநாட்டின் உச்சிக்கு ஒரு வழி அக்காலத்திலேயே நன்கு பழகிய வழியாக இருந்தது என்பது இதனால் தெளிவாகும்.

அவ்வழியில் யாத்திரிகர் மட்டும் செல்லவில்லை. உப்பும் சென்றது. மலையூரில் நெல் விளையும், பாக்கும் மிளகும் விளையும், உப்பு விளையாது. உப்பின்றி உணவில்லை, பஞ்சகாலத்துக்கென இறைச்சியை உலர்த்தி வைக்கவும் இயலாது. புத்தளம் களப்பின் ஓரங்களிலோ, மழையற்ற மாதங்களில் வெயில் காய்ந்து உப்புத் தானாகவே படியும். அதை ஏற்றிக்கொண்டு பொதிமாடுகள் வரிசை வரிசையாகக் காட்டுவழியே கண்டி நாட்டுக்குச் சென்றன. தவளம் என்பது அக்கூட்டங்களுக்கு வழங்கிய பெயர். ஏறும்போது உப்பும் கருவாடும் சுமந்த மாடுகள், இறங்கும்போது பாக்குச் சுமந்து வந்தன. அப்பாக்கு இங்கிருந்து தோணியேறி இந்தியக் கரைக்குச் சென்றது. இரு திசையிலும் பாரம் இருந்தமையே இவ்வாணிபம் நெடுங்காலம் நிலைத்தமைக்குக் காரணம்.

கண்டி நாட்டில் ஏறக்குறைய 20 ஆண்டுகள் சிறையிருந்து தப்பிய ஆங்கிலேயராகிய றொபேட் நொக்சு, 1681இல் வெளியிட்ட தமது நூலில் இதனைக் குறிப்பிடுகின்றார். நாட்டின் மேற்புறத்துக்கு உப்பும் மீனும் புத்தளத்திலிருந்தே கிடைத்தன என்றும், படகுகள் வாராது தடுப்பதற்கு ஒல்லாந்தர் அங்கே முனையில் ஒரு கோட்டை வைத்திருந்தனர் என்றும் அவர் கூறுகின்றார். அவர் சுட்டிய கோட்டை கற்பிட்டிக் கோட்டையே. ஒல்லாந்தர் அதனை 1667ஆம் ஆண்டு தொடங்கி 1676ஆம் ஆண்டில் முடித்தனர். கடலடியிலிருந்து வெட்டிய பவளப்பாறைக் கற்களால் எழுந்த அச்சுவர்கள் இன்றும் களப்பை நோக்கி நிற்கின்றன.

இவ்வளவு சிறிய மணல்முனைக்கு இவ்வளவு பெரிய கோட்டை எதற்கு? களப்பின் வாயைப் பிடித்தவன் புத்தளத்தைப் பிடித்தவன். புத்தளத்தைப் பிடித்தவன் மலைநாட்டின் உப்பையும் பாக்கையும் கையில் வைத்திருப்பவன். போர்ப்படையால் ஏறமுடியாத மலைகளை உப்புச் சட்டியால் அடக்கலாம் என்பதை ஒல்லாந்தர் உணர்ந்திருந்தனர். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கண்டி அரசு கடற்கரை முழுவதையும் இழந்தது. அப்போதுங்கூட, உப்பளங்களிலிருந்து உப்பு எடுத்துக்கொள்ளும் உரிமையை மலைநாட்டாருக்கு விட்டே அவ்வுடன்படிக்கை எழுதப்பட்டது. மலையூரின் உயிர் கரையூரின் கையில் இருந்தமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

1795இல் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1807ஆம் ஆண்டில், கற்பிட்டியில் ஒரு குழந்தை பிறந்தது. சைமன் காசிச்செட்டி என்று அறிஞருலகம் பின்னாளில் போற்றிய பெருமகன் அவரே. 1834இல், தமது இருபத்தேழாவது வயதில், இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் மக்களையும் அகரவரிசையில் தொகுத்து ஒரு பெருநூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1838இல் சட்டநிருபண சபையில் தமிழரின் பிரதிநிதியாக அமர்ந்தார். 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தமிழ் புளூட்டாக் என்னும் பெயரில் ஆங்கிலத்தில் எழுதி யாழ்ப்பாணத்தில் அச்சேற்றினார். பல மொழிகளைக் கற்றுத் தேர்ந்தவர் அவர். இன்று நாம் ஒதுக்குப்புறம் என்று சொல்லும் ஊரில் இத்தகைய அறிவு எவ்வாறு முளைத்தது? அவரது இயல்பான ஆற்றல் முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால், பல நாட்டுத் தோணிகளும் பல மொழிகளும் நாடோறும் வந்திறங்கிய துறையில் அவர் வளர்ந்தார் என்பதையும் மறத்தலாகாது.

அக்காலத்தில் கடலே நெடுஞ்சாலை. யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் தென்னிந்தியத் துறைகளிலிருந்தும் புறப்பட்ட சிறு மரக்கலங்கள் கற்பிட்டி வழியே களப்பினுள் நுழையும். அங்கிருந்து சிலாபம், நீர்கொழும்பு ஊடாகக் கொழும்புவரை, ஒல்லாந்தர் காலத்துக் கால்வாயில் தட்டையான சரக்குப் படகுகள் சென்றன. புத்தளத்து உப்பு அவ்வழியேதான் தெற்கே போயிற்று.

பின்னர் ஒவ்வொன்றாக மாற்றங்கள் வந்தன. பாய்க்கலங்களின் இடத்தை நீராவிக் கப்பல்கள் பிடித்தன. அவற்றுக்கு ஆழமான துறை வேண்டியிருந்தது. 1875இல் தொடங்கி 1885இல் முடிந்த அலைத்தடுப்புச் சுவரால் கொழும்பு பெருந்துறைமுகமாயிற்று. மலைநாட்டுக்கு இருப்புப்பாதை போடப்பட்டதும் உப்பு மூட்டை பொதிமாட்டை மறந்து புகையிரதம் ஏறியது. 1926ஆம் ஆண்டில் இருப்புப்பாதை புத்தளத்தையும் அடைந்தது. ஆனால் அது களப்பின் கிழக்குக் கரையில் நின்றுவிட்டது. எதிர்க்கரையிலிருந்த கற்பிட்டிக்கு அது வரவில்லை. கால்வாயில் மணல் தூர்ந்தது, படகுகள் குறைந்தன. மக்கள் எங்கும் போகவில்லை; நிலமும் அசையவில்லை. ஆயினும் கொழும்பு தொலைவாயிற்று. கண்டி அதனினும் தொலைவாயிற்று. புத்தளத்திலும் கற்பிட்டியிலும் கேட்பாரின்றி இன்றும் தெருவில் திரியும் கழுதைகள், பொதி சுமந்த அப்பழைய காலத்தின் எச்சங்களே.

வழி மாறியதோடு மொழியும் மாறியது. நீர்கொழும்பு தொடங்கி இக்கரைவரையுள்ள மீனவர் ஊர்கள் பலவற்றில், முன்னைய தலைமுறையினர் வீட்டிலும் கோயிலிலும் தமிழ் வழங்கினர். வடக்கு நோக்கிய கடல்வழி தளர்ந்து, தெற்கு நோக்கிய தெருவழி வலுப்பெற்று, பள்ளிக்கூடத்தின் மொழியும் சிங்களமான பின்னர், அவர்களின் பேரப்பிள்ளைகள் சிங்களம் பேசுவோராயினர். இதற்கு மாறாக, சிலாபத்துக்கு வடக்கே, கடலுக்கும் முந்தல் களப்புக்கும் இடையே அமைந்த உடப்பு என்னும் ஊர், திரௌபதை அம்மன் கோயிலையும் தீமிதிப்பு விழாவையும் நடுவணாகக் கொண்டு தன் தமிழைக் காத்து வந்துளது. கரைவலை இழுக்கும்போது அம்மக்கள் பாடும் அம்பாப் பாடல்கள் உழைப்பின் தாளத்தோடு பிறந்தவை. ஒரே கரையில் ஓரூர் மொழி மாறியதும் மற்றோரூர் மாறாததும் மக்கள் வரலாற்றை ஆராய்வோர் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி.

இனி, குடாநாட்டு மக்களின் வாழ்க்கை நிலையைச் சற்று நோக்குவோம். இங்கே ஆறில்லை, குளமில்லை, நெல்வயலும் அரிது. ஆண்டின் மழையிற் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்துவிடும். அம்மழை மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் மெல்லியதொரு நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. நன்னீர் உப்புநீரினும் இலேசானது, ஆதலின் மிதக்கின்றது. சில அடி ஆழத்திலேயே கிணற்றில் இனிய நீர் கிடைப்பது இதனாலேயே. ஆனால் இச்செல்வம் அளவுக்குட்பட்டது. நன்னீர் மட்டம் ஓரடி தாழ்ந்து நிலைக்குமாயின், அடியிலுள்ள உப்புநீர் ஏறக்குறைய 40 அடி மேலெழும் என்பது அறிவியலார் கண்ட கணக்கு. துலாவினால் இறைத்த காலத்தில் கிணறு இரவில் ஓய்வெடுத்தது. இயந்திரத்தால் இறைக்கத் தொடங்கியபின் அதற்கு ஓய்வில்லை.

அந்நீரைக்கொண்டே குடாநாட்டு உழவர் வெறும் மணலில் வெங்காயமும் மிளகாயும் பீற்றூட்டும் புகையிலையும் விளைவிக்கின்றனர். அவர்களது உழைப்பு போற்றத்தக்கது. மணலோ உரத்தைப் பிடித்துவைக்காது. இட்ட உரத்தில் ஒரு பகுதி நீரோடு கீழிறங்கிக் கிணற்றைச் சேரும். இங்குள்ள கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று என்னும் உப்பு, குடிநீருக்கு விதிக்கப்பட்ட அளவைக் கடந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கைக்குழந்தைகளுக்கு அது தீங்கு செய்யவல்லது. பயிரை வளர்க்கும் கிணறே பிள்ளையின் பாற்புட்டிக்கும் நீர் தருவது. இரண்டுக்கும் வேறுவேறு கிணறு வைத்துக்கொள்ள ஏழைக் குடும்பத்தால் இயலாது.

கடல்தொழிலாளரின் நாட்காட்டி காற்றினால் எழுதப்படுவது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்தெம்பர் வரை மேற்குக் கடல் கொந்தளிக்கும். அப்போது சிலர் களப்பினுள் இறால், நண்டு பிடித்துக் காலந்தள்ளுவர். சிலர் குடும்பத்தைப் பிரிந்து வேறு கரைகளுக்குச் சென்று வாடி அமைப்பர். காற்று அடங்கியதும் கண்டகுளியிலும் தீவுகளிலும் கிடுகு வாடிகள் மீண்டும் எழும். பெண்கள் மீனைக் கீறி, உப்பிட்டு, மணலில் பரப்பிக் கருவாடாக்குவர். பத்தலங்குண்டு, உச்சமுனை போன்ற தீவுப்புறங்களில் வாழ்வோர் மருத்துவரைக் காணவும் படகேறவேண்டும். மலையூரில் நோயாளியைத் தோளிற் சுமப்பர் என்றோம். இங்கே அலையிற் சுமப்பர்.

ஆயினும் ஆண்டில் இருமுறை இம்மணற்கரை நாட்டின் நடுவிடமாகிவிடும். மார்ச்சு மாதத்திலும் ஓகஸ்ட் மாதத்திலும் தலவில் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு நாடெங்குமிருந்து மக்கள் திரளாக வருவர். மர நிழலிற் கொட்டில் அமைத்துத் தங்குவர், அடுப்பு மூட்டுவர், கடலாடுவர். வழி திறந்தாற் போதும், தொலைவு மறைந்துவிடும் என்பதற்கு அவ்விழா ஆண்டுதோறும் சான்று பகர்கின்றது.

வழி வேறொரு விதமாகவும் திறந்தது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் தமிழீழ விடுதலைப் புலிகளால் தம் ஊர்களைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்களின் தொகை ஏறக்குறைய 75,000 என்பர். மன்னார்த் தீவிலிருந்து வெளியேறியோர், கையிற் கொண்டதைக் கொண்டு படகேறிக் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினர். பாக்கும் உப்பும் சென்ற அதே கடல்வழியில் அன்று மனிதர் பொதிகளாயினர். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் தென்னந்தோட்டங்களும் அவர்களுக்குத் தங்குமிடமாயின. கரையூரார் தம்மிடமிருந்ததைப் பகிர்ந்தனர். ஆனால், ஓரூருக்கு அளவான கிணறு ஈரூருக்கு எவ்வாறு போதும்? ஓர் ஆசிரியர் கற்பித்த வகுப்பில் இருமடங்கு பிள்ளைகள் எவ்வாறு அமர்வர்? தண்ணீர், வகுப்பறை, தொழில் எல்லாவற்றிலும் நெருக்கடி வந்தது, மனத்தாங்கல்களும் வந்தன. 2009இல் போர் முடிந்தபின் சிலர் திரும்பினர். இங்கேயே பிறந்து, இங்கேயே மணம்புரிந்து, இம்மணலையே ஊராகக் கொண்டோர் பலர்.

அண்மைக்காலத்தில் இக்கரைக்கு வந்த பெருமாற்றம் நுரைச்சோலை அனல்மின் நிலையம். 2011இல் அதன் முதற்பிரிவு இயங்கத் தொடங்கியது. 2014இல் மூன்று பிரிவுகளும் நிறைவுற்று, மொத்த ஆற்றல் 900 மெகாவாற்று ஆயிற்று. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கொன்றை இச்சிறுகரை வழங்கிவருகின்றது. நிலக்கரிக் கப்பல்கள் ஆழ்கடலில் நிற்கும். தெப்பப்படகுகள் கரியைக் கரைசேர்க்கும். இவ்வளவு பெரிய பொறிகளும் பழைய காற்றுக்கு அடங்கியே நடக்கவேண்டியுள்ளது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் கரி இறக்க இயலாமையால், அதற்குமுன்பே குவித்து வைக்கின்றனர். அயலூரார் கரித்தூசியைப் பற்றியும் சாம்பலைப் பற்றியும் முறையிட்டு வந்துள்ளனர். மீனவர் தம் வலைப்பாடுகள் சுருங்கியதைக் கூறுகின்றனர்.

எண்ணிப் பார்ப்பின், கரைக்கும் மலைக்கும் இருந்த பழைய உறவு முறிந்துவிடவில்லை, உருமாறியிருக்கின்றது. அன்று இக்கரையின் உப்பு மலையூரின் அடுப்பங்கரைக்குச் சென்றது. இன்று இக்கரையின் மின்சாரம் கம்பிவழியே மலையேறி, மூடுபனிக்குள் இருக்கும் குடிசையில் விளக்கேற்றுகின்றது. அவ்விளக்கின் கீழ் அமர்ந்து படிக்கும் பிள்ளைக்கும், உச்சமுனையில் படகுக்குக் காத்துநிற்கும் பிள்ளைக்கும் ஒருவரையொருவர் தெரியாது. ஆயினும், ஒருவர் குறை மற்றவர்க்கு எளிதில் விளங்கக்கூடியது.

பழைய வாணிபத்தில் ஒரு நீதி இருந்தது. உப்புச் சுமந்து மலையேறிய பொதிமாடு வெறுமுதுகோடு திரும்பியதில்லை. பாக்கைச் சுமந்தே கரைக்கு மீண்டது. இன்றைய மின்கம்பி ஒருவழிப் பயணம் போவது. அதன்வழியே நாடு பெறுவதற்கு ஈடாக இக்கரைக்குத் திரும்பிவரும் பொதி என்ன என்று கேட்பது முறையானதே. கரையூரார் கேட்கும் பொதி பெரிதன்று: குழந்தைக்கு அஞ்சாமற் கொடுக்கக்கூடிய ஒரு குடம் நீர், கடல் கொந்தளிக்கும் நாளிலும் எட்டக்கூடிய ஒரு மருத்துவர், ஆசிரியர் குறைவில்லாத ஒரு பாடசாலை.